எந்தத் தெருவில் எத்தனை சாவு?

சாவுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது என்பார்கள். ஆண்டியும் அரசனும் சுடுகாட்டில் ஒரு பிடி சாம்பல்தான் என்று பெரியவர்கள் தத்துவம் பேசுவார்கள். (நம் கிராமங்களில் சுடுகாடே சாதிக்கு ஒன்றாக இருப்பது வேறு விஷயம்.) இந்தத் தத்துவம் எவ்வளவு பெரிய பொய் என்பதை ஒரு தேசத்தின் சர்க்காரே கணக்குப் போட்டு, அச்சடித்து, ஊருக்குக் காட்டியது. தேசம் இங்கிலாந்து. வருஷம் 1842. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கணக்கைப் பாருங்கள். பஞ்சாலை நகரமான மான்செஸ்டரில் செத்தவர்களின் சராசரி வயது: கனவான்களும் அவர்கள் குடும்பத்தாரும் 38, வியாபாரிகள் 20, தொழிலாளிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் 17. லிவர்பூல் துறைமுகத்தில் இதே வரிசையில் 35, 22, 15. லண்டனின் கிழக்குக் கோடியில் நெசவாளர்கள் நிறைந்த பெத்னல் கிரீன் பகுதியில் 45, 26, 16. ரட்லாந்து என்ற விவசாய ஜில்லாவில் 52, 41, 38.

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை படிக்க வேண்டும். ரட்லாந்தில் ஏர் பின்னால் நடந்த கூலிக்காரனுக்கு 38. மான்செஸ்டரில் கோட்டும் தொப்பியுமாகச் சாரட்டில் போன கனவானுக்கும் 38! கிராமத்துக் கூலி நகரத்துக் கூலியை விடக் குறைவு. அரை வயிற்றுக் கஞ்சிதான். அப்படியிருந்தும் பணக்கார நகரத்தின் பணக்காரனுக்கு ஈடான எண் அவனுக்குக் கிடைத்தது. அவனே பிழைப்புத் தேடி மான்செஸ்டருக்கு வந்து ஆலைக்குள் நுழைந்தால் அவன் குடும்பத்தின் கணக்கு 17-ல் போய் விழுந்தது.

இந்த அறிக்கையை எழுதியவர் எட்வின் சாட்விக். தொழிலாளிகளின் நண்பர் என்று இவரை யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். 1834-ல் வந்த ஏழைகள் சட்டத்துக்கு மூளையாக இருந்தவர் இவர்தான். பிழைப்பு இல்லாதவனுக்கு உதவி வேண்டுமென்றால் அவன் குடும்பத்தோடு 'வேலை இல்லம்' என்ற சிறைக்குள் போக வேண்டும், புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்த மகானுபாவர். சாவுக் கணக்கில் இவருக்கு அக்கறை வந்த காரணமும் அதே கஜானாக் கணக்குதான். உழைக்கும் ஆண்பிள்ளை காய்ச்சலில் செத்தால் விதவையும் அனாதைகளும் சர்க்காரிடம் கை நீட்டுகிறார்கள்; சாக்கடை வெட்டுவது அதைவிட மலிவு! ஆனால் எந்த எண்ணத்தோடு எழுதினால் என்ன? எழுதியது எழுதியதுதான். எதிரியின் கணக்குப்பிள்ளை சில சமயம் நமக்கு நல்ல சாட்சி.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நமக்குச் சாதகமான எண் என்பதற்காக அதைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பிடிக்கக் கூடாது. 1844-ல், அதாவது அறிக்கை வந்த இரண்டாவது வருஷமே, ஆயுள் இன்ஷூரன்ஸ் கணக்கு நிபுணர் ஒருவர் சாட்விக்கின் கணக்கு முறையைக் கண்டித்தார். எஃப். ஜி. பி. நீசன் என்று பெயர். பெயர்தான் நீசன், கணக்கில் நேர்மையானவர். அவர் சொன்னதை நம் முறையில் சொல்கிறேன். ஒரு தெருவில் ஒரு வருஷத்தில் நாலு பேர் சாகிறார்கள். மூன்று பேர் ஒரு வயதுக் குழந்தைகள். நாலாவது, 65 வயதுக் கிழவர். கூட்டி வகுத்துப் பாருங்கள். சராசரி 17. ஆனால் அந்தத் தெருவில் 17 வயதில் ஒருவர்கூடச் சாகவில்லை! ஆகவே, 'மான்செஸ்டர் தொழிலாளி 17 வயதில் செத்தான்' என்று மேடையில் பேசினால் அது பிழை. குழந்தைகள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள் என்பதே அந்த 17-க்குப் பெரிய காரணம். அது மட்டுமல்ல. வாலிபத் தம்பதிகள் வந்து குடியேறி, பிள்ளைகள் நிறையப் பிறக்கும் புது நகரத்தில், ஜனத்தொகையில் குழந்தைகளின் பங்கே அதிகம். அதனாலும் அந்தச் சராசரி இறங்கும். கிழவர்கள் அதிகமுள்ள ஜில்லாவில் தானாகவே ஏறும். செத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போதாது. உயிரோடு இருக்கிறவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்ட மனிதர் ஒருவர் அதே மான்செஸ்டரில் இருந்தார். பி. எச். ஹாலண்ட் என்ற டாக்டர். அவர் ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பகுதியை எடுத்து, தெருத் தெருவாக, வீடு வீடாக எண்ணினார். என்னைக் கேட்டால் சாட்விக்கின் பெரிய புத்தகத்தைவிட ஹாலண்டின் இந்தச் சின்னக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

அவர் எடுத்துக்கொண்ட பகுதியின் பெயர் சோர்ல்டன்-ஆன்-மெட்லாக். மெட்லாக் என்பது ஆறு. பெயருக்குத்தான் ஆறு; சாயப்பட்டறைக் கழிவும் சாக்கடையும் கலந்து கருப்பாக ஓடிய நீர். 1801-ல் முதல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது இங்கே இருந்தவர்கள் 675 பேர். ஒரு கிராமம். ஆலைகள் வந்தன. முப்பதே வருஷத்தில், 1831-ல், 20 ஆயிரத்துக்கு மேல்! அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு இருந்த சாக்கடை, தண்ணீர், தெரு எதுவும் இந்த இருபதாயிரத்துக்குத் தக்கபடி பெருகவில்லை. பெருகியது வாடகை ஒன்றுதான். ஒரு புறம் கனவான்கள் குடியிருந்த விசாலமான தெருக்கள். மறு புறம் ஆற்றின் வளைவில், நாலு பக்கமும் ஆலைகளும் உயரமான கரைகளும் சூழ்ந்த ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு 'குட்டி அயர்லாந்து' என்று பெயர். பிழைக்க வழியின்றி அயர்லாந்திலிருந்து ஓடி வந்த ஏழைகள் அங்கே குடியிருந்தார்கள்.

(இந்தச் சோர்ல்டனுக்கு வேறு பெருமையும் உண்டு. 1945 அக்டோபரில் ஐந்தாவது பான்-ஆப்பிரிக்கக் காங்கிரஸ் கூடியது இந்தப் பகுதியின் நகர மண்டபத்தில்தான். நிக்ருமாவும் கென்யாட்டாவும் வந்து உட்கார்ந்து தங்கள் நாடுகளின் விடுதலைக்கு வழி பேசினார்கள்.)

குட்டி அயர்லாந்தை நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் பிரெடரிக் எங்கெல்ஸ். 1842 கடைசியில், இருபத்திரண்டு வயது வாலிபராக, தகப்பனார் பங்குதாரராக இருந்த நூற்பாலையில் வேலை பழக மான்செஸ்டருக்கு வந்தவர். ஆலை முதலாளியின் மகன், முதலாளிகளின் விருந்துகளை விட்டுவிட்டு, அயர்லாந்துத் தொழிலாளிப் பெண்ணான மேரி பர்ன்ஸ் என்பவரோடு தொழிலாளிகளின் சந்து பொந்துகளில் திரிந்தார். அவர் எழுதிவைத்த கணக்கு: அந்தப் பள்ளத்தில் சுமார் 200 வீடுகள், சுமார் 4,000 பேர். வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. முன்பக்கம் ஒரு கதவு. பின்பக்கம் ஜன்னல் வைக்க இடமே கிடையாது, அங்கே அடுத்தவன் வீடு. காற்று ஒரு வழியாக வந்து மறு வழியாகப் போக வழியில்லை. தரைக்குக் கீழே ஈரம் ஊறும் நிலவறைகளிலும் குடித்தனம். சுமார் 120 பேருக்கு ஒரு கக்கூஸ், அதுவும் பெரும்பாலும் கிட்டே நெருங்க முடியாத நிலையில்! ஆலையில் 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன் இளைப்பாறிய இடம் இது.

இனி ஹாலண்டின் கணக்கு. சோர்ல்டனின் தெருக்களை நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்றாகப் பிரித்தார். வீடுகளையும் அப்படியே மூன்றாகப் பிரித்தார். நல்ல தெருவில் நல்ல வீடு என்றால் வருஷத்துக்கு 51 பேரில் ஒருவர் சாவு. அதே நல்ல தெருவில் நடுத்தர வீட்டில் 45-க்கு ஒருவர். மோசமான வீட்டில் 36-க்கு ஒருவர். நடுத்தரத் தெருவில் 55-க்கு ஒருவர், 38-க்கு ஒருவர், 35-க்கு ஒருவர். மோசமான தெருவில் நல்ல வீடே கிடையாது. நடுத்தர வீட்டில் 35-க்கு ஒருவர். மோசமான வீட்டில் 25-க்கு ஒருவர்.

ஆயிரம் பேருக்கு என்று மாற்றினால் சுலபமாகப் புரியும். மேல் கோடியில் வருஷத்துக்குச் சுமார் 20 சாவு. கீழ்க் கோடியில் 40. இரண்டும் ஒரே பகுதி, ஒரே முனிசிபாலிடி, ஒரே மழை, ஒரே பனி. கால் மணி நேரத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துவிடலாம்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. மோசமான வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோசமான தெருவில் உள்ள மோசமான வீட்டில் ஆயிரத்துக்கு 40 சாவு. அதே தர வீடு நல்ல தெருவில் இருந்தால் 28. வீட்டின் தரம் ஒன்று. குடியிருப்பவனும் கிட்டத்தட்ட அதே ஏழை. தெரு மட்டும் மாறியது. ஆயிரத்துக்கு 12 உயிர் மிஞ்சியது!

இது ஏன் முக்கியம்? அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? தொழிலாளி குடிக்கிறான், அதனால் சாகிறான். அழுக்காக இருக்கிறான், அதனால் சாகிறான். அயர்லாந்துக்காரன் பன்றியோடு படுக்கிறான், அவனைப் பார்த்து இங்கிலீஷ்காரனும் கெட்டான். 1832-ல் மான்செஸ்டர் தொழிலாளிகளின் நிலையைப் பற்றி எழுதிய டாக்டர் ஜேம்ஸ் கே தர்ம ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தவர், காலரா காலத்தில் சேவை செய்தவர். சேற்றையும் குப்பையையும் கண்ணால் பார்த்து உண்மையாகவே எழுதினார். அவர்கூட அயர்லாந்துக்காரனின் பழக்கவழக்கத்தின் மேல் பாதிப் பழியைப் போட்டார். இந்தப் பேச்சு நமக்கும் புதிதல்ல. சேரி அழுக்காக இருப்பதற்குச் சேரிக்காரன்தான் காரணம் என்று, சேரிக்குக் குழாய் போடாதவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

குடியும் அழுக்கும்தான் காரணம் என்றால், அதே ஏழை நல்ல தெருவுக்குப் போனதும் ஏன் குறைவாகச் செத்தான்? தெரு மாறினால் பழக்கம் மாறிவிடுமா? மாறியது காலடியில் இருந்த சாக்கடை. சாக்கடை வெட்டுவது தொழிலாளியின் ஒழுக்கத்தைச் சேர்ந்த விஷயமா, முனிசிபாலிடியின் கடமையைச் சேர்ந்த விஷயமா?

நியாயமாக ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். நல்ல தெருவில், மோசமான வீடே ஆனாலும், குடியிருக்க முடிந்தவன் ஏழைகளிலும் நாலு காசு கூடுதலாகச் சம்பாதித்தவனாக இருந்திருக்கலாம். இருக்கட்டும். ஹாலண்டிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. சில மோசமான தெருக்கள் சீர்ப்படுத்தப்பட்டன. சீர்ப்படுத்திய பிறகு அந்தத் தெருக்களில் சாவு நூற்றுக்கு 25 குறைந்தது. இது முன்னும் பின்னும் ஒரே தெருவின் கணக்கு. பிரசங்கத்தால் குறையவில்லை, கல் பாவியதால் குறைந்தது. மிகச் சாதாரணமான முன்னேற்பாடுகூடச் செய்யாததால் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் அழிக்கப்படுகிறார்கள் என்ற பொருளில் ஹாலண்ட் எழுதி முடித்தார். அரச கமிஷன் இதை 1844-ல் தன் அறிக்கையோடு அச்சடித்தது. எங்கெல்ஸ் அந்த அட்டவணையை எடுத்து 1845-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த தமது புத்தகத்தில் சேர்த்தார். அந்தப் புத்தகத்தில் அவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: சமூகக் கொலை. ஒருவன் கத்தியால் குத்தினால் கொலை. ஆயிரம் பேர் சாகத்தான் செய்வார்கள் என்று தெரிந்தே அவர்களை அந்த நிலையில் வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர்? இந்தக் கேள்விக்கு ஆதாரம் அவருக்கு எங்கிருந்தோ வரவில்லை. சர்க்கார் அச்சகத்திலிருந்தே வந்தது.

கணக்கு வந்தது, சட்டமும் வந்தது. 1848-ல், காலரா மறுபடி வந்துகொண்டிருந்த பயத்தில், பார்லிமெண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தப் படையெடுப்பில் மட்டும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சட்டம் என்ன சொன்னது? ஓர் ஊரில் வரி கட்டுகிறவர்களில் பத்தில் ஒரு பங்கினர் மனுப் போட்டால் அங்கே சுகாதார போர்டு அமைக்கலாம். மனுப் போடாவிட்டால், ஏழு வருஷச் சராசரியில் சாவு ஆயிரத்துக்கு 23-ஐத் தாண்டினால் மத்திய போர்டு தானாகத் தலையிடலாம்.

வரி கட்டுகிறவன் யார்? வீட்டுச் சொந்தக்காரன், கடைக்காரன். முதுகொட்டு வீடுகளைக் கட்டி வாடகை வாங்கியவனும் பெரும்பாலும் அவன்தான். தன் பையில் கை விடும்படி அவனே மனுப் போடுவானா? சரி, அந்த 23-ஐப் பாருங்கள். பாதி ஊரில் கனவான்கள், அங்கே சாவு 18. மறு பாதியில் தொழிலாளிகள், அங்கே 28. கூட்டிச் சராசரி எடுத்தால் 23. தாண்டவில்லை! சட்டம் நித்திரை செய்யலாம். பங்களாத் தெருவில் சாகாதவர்களின் எண்ணிக்கையைச் சேரித் தெருவில் செத்தவர்களின் மேல் போர்த்தி மூடிவிடுகிறது சராசரி. நான் பயப்படுவது இந்தச் சராசரியைக் கண்டுதான். பொய்க் கணக்கைக் கண்டுபிடித்துவிடலாம். இது மெய்க் கணக்கு. ஒரு எண்கூடத் தவறில்லை. ஆனால் உண்மை அதற்குள் புதைந்து கிடக்கும்.

பிற்பாடு வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணர் இன்னொரு எண்ணைச் சொன்னார். கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, வைத்தியம் படித்து, பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்தவர். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு சாவும் பதிவாயிற்று. எந்த நோயால், எந்த வேலை செய்தவன் என்ற விவரங்களையெல்லாம் தொகுத்து ஒழுங்குபடுத்தியவர் ஃபார். தேசத்திலேயே ஆரோக்கியமான ஜில்லாக்களில் ஆயிரத்துக்கு 17 பேர்தான் சாகிறார்கள். ஆகவே 17-க்கு மேலே போகும் ஒவ்வொரு சாவும் இயற்கையானது அல்ல, மனிதன் உண்டாக்கியது என்றார் அவர். இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். 23 வரை சும்மா இருக்கலாம் என்ற சட்டம், ஆயிரத்துக்கு ஆறு பேரை அநியாயமாகச் சாகவிட அனுமதி கொடுத்த சட்டம். சோர்ல்டனின் மோசமான தெருவில் 40 என்றால், 23 பேர் அநியாயச் சாவு.

அந்த அரைகுறைச் சட்டத்தையும் முதலாளிகள் பொறுத்துக்கொள்ளவில்லை. சர்க்கார் எங்களை மிரட்டி ஆரோக்கியமாக வைக்க வேண்டாம், காலரா வந்தால் வரட்டும் என்ற பொருளில் 1854-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை எழுதியது. சாட்விக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1858-ல் மத்திய போர்டையே கலைத்தார்கள். மான்செஸ்டரில், 1844-ம் வருஷத்து நகரச் சட்டம் புதிதாகக் கட்டும் வீட்டுக்குக் கக்கூஸ் வேண்டும் என்று சொல்லியதால் புதிய முதுகொட்டு வீடுகள் நின்றன. பழையவை இடிக்கப்படாமல் நின்றன. லிவர்பூல் 1847-லேயே ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தது. உலகத்துக்கே துணி விற்ற மான்செஸ்டருக்கு அந்த ஓர் அதிகாரியை நியமிக்க 1868 வரை மனம் வரவில்லை.

பெண் தொழிலாளர்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிரசவித்த தாய் சில நாளில் ஆலைக்குத் திரும்பியாக வேண்டும். குழந்தையை யாரோ கிழவியிடம் விட்டுப் போவாள். பசியில் வீறிடும் குழந்தைக்கு 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற மருந்து ஊற்றப்படும். கருப்பஞ்சாற்றுப் பாகில் கலந்த அபின்தான் அது! குழந்தை தூங்கும். சில சமயம் எழுந்திருக்காது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் வந்து பஞ்சு வருவது நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். சர்க்கார் டாக்டர் எட்வர்டு ஸ்மித் என்பவரை அனுப்பி நிலைமையைப் பார்க்கச் சொன்னது. அவர் கண்ட விஷயத்தை மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் எடுத்து வைத்திருக்கிறார். ஆலை மூடியதால் தாய்மார்களுக்குக் குழந்தைக்குப் பால் கொடுக்க நேரம் கிடைத்தது; அபின் மருந்து ஊற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று! தாய் பட்டினி, ஆனாலும் குழந்தைக்கு அது நல்ல காலம். ஆலை ஓடிய நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் நாலு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 1891-ல்தான் வந்தது. அந்த நாலு வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே அது எத்தனை வீட்டில் உதவியிருக்கும்?

மார்க்ஸ் பேச்சை எடுத்ததால் இன்னொன்று. 1867-ல் 'மூலதனம்' முதல் பாகத்தின் முன்னுரையில் அவர் இங்கிலாந்தின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களையும் பொதுச் சுகாதார டாக்டர்களையும் மனம் விட்டுப் பாராட்டினார். ஜெர்மனியில் இப்படிப்பட்ட நேர்மையான கணக்கு எடுத்தால் அங்கேயும் நிலைமையைக் கண்டு நாம் நடுங்குவோம் என்றார். நேர்மையாக எண்ணுகிற உத்தியோகஸ்தனை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது.

நேர்மையான எண் என்ன செய்யும் என்பதற்கு லண்டனில் ஒரு உதாரணம் உண்டு. மேலே 45, 26, 16 என்று பார்த்தோமே, அந்தப் பெத்னல் கிரீனும் அதைச் சுற்றிய கிழக்கு லண்டனும் 1866-ல் காலராவில் மாட்டின. 5,000-க்கு மேல் சாவு. வாரா வாரம் வந்த சாவுக் கணக்கை ஃபார் பகுதி பகுதியாகப் பிரித்தார். எந்தக் கம்பெனித் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகிறது என்ற விவரத்தை அதன் பக்கத்தில் வைத்தார். சாவு எல்லாம் கிழக்கு லண்டன் தண்ணீர்க் கம்பெனி குழாய் போன இடங்களில் குவிந்து கிடந்தது! வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று கம்பெனி என்ஜினீயர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஜனங்களின் வீட்டுக் குழாயிலிருந்து விலாங்கு மீன் வந்தது. வடிகட்டிய தண்ணீரில் விலாங்கு எப்படி வரும்? கம்பெனியின் பொய் அதோடு முடிந்தது. 'லண்டனில் இத்தனை சாவு' என்று ஒரே எண்ணாகக் கூட்டி வைத்திருந்தால் இந்தக் குற்றவாளி அகப்பட்டிருப்பானா?

பின்னர் நிலைமை மெல்ல மெல்ல மாறியது. ஏன் மாறியது என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை. நல்ல சாப்பாடும் உயர்ந்த கூலியும்தான் காரணம் என்று தாமஸ் மக்கியோன் 1976-ல் எழுதினார். சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் முனிசிபாலிடிகளின் வேலையும்தான் காரணம் என்று 1988-ல் சைமன் ஸ்ரெட்டர் மறுத்தார். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. ஹாலண்டின் 28-ம் 40-ம் அதற்குச் சாட்சி. ஆனால் கூலி தானாக உயர்ந்ததா? சங்கம் கட்டிப் போராடியதால் உயர்ந்தது. முனிசிபாலிடி தானாகத் திருந்தியதா? 1867-லும் 1869-லும் ஓட்டுரிமை விரிந்து, வரிச்சுமைக்கு அஞ்சிய கடைக்காரனின் ஏகபோகம் உடைந்த பிறகுதான் நகரசபைகள் பெரிய அளவில் கடன் வாங்கிக் குழாயும் சாக்கடையும் போட்டன.

அப்படியும் குழந்தைகளுக்கு விமோசனம் வரவில்லை. 1899-ல், விக்டோரியா ராணி இன்னும் சிம்மாசனத்தில் இருக்கும்போதே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த 1,000 குழந்தைகளில் 163 குழந்தைகள் ஒரு வயது முடியுமுன் செத்தன. சூரியன் மறையாத சாம்ராஜ்யம்! அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம். பட்டாளத்தில் சேர மான்செஸ்டரில் வரிசையில் நின்றவர்களில் ஏறத்தாழ 8,000 பேர் உடம்பு லாயக்கில்லை என்று தள்ளப்பட்டார்கள். துப்பாக்கி தூக்க ஆள் கிடைக்கவில்லை என்றதும் ஆளுகிறவர்களுக்குத் தூக்கம் கலைந்தது. 1904-ல் ஜனங்களின் உடல் நலிவைப் பற்றி ஒரு கமிட்டி அறிக்கை கொடுத்தது. 1906-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. அறுபது வருஷமாகக் குழந்தைகள் செத்த கணக்கு அச்சில் இருந்தது; அதைப் படிக்க அவர்களுக்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது.

நம் நாட்டிலும் 1969-ம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் பதிவாக வேண்டும். பதிவேடு பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் இருக்கிறது. ஊர் சராசரி என்ன என்று அதிகாரி படிக்கும்போது தலையாட்டிவிட்டு வரக்கூடாது. எந்தத் தெருவில் எத்தனை? ஆலைக் குடியிருப்பில் எத்தனை? காலனியில் எத்தனை? செத்தவர்கள் எந்த வேலை செய்தவர்கள்? ஹாலண்டுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் இதைச் செய்தார். நம் கிளைச் சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு தோழர்கள் நாலு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வார்டுக்கு இதைச் செய்துவிடலாம்.

குட்டி அயர்லாந்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சுகாதாரச் சட்டம் இடிக்கவில்லை. 1840-களின் கடைசியில் ரயில் கம்பெனிக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது; 1849-ல் அங்கே ரயில் ஓடியது. அந்த அசிங்கம் ஒழிந்தது என்று மான்செஸ்டர் கனவான்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். 1872 ஜூலையில் மெட்லாக் ஆறு பெருக்கெடுத்து, தாழ்ந்த தெருக்களின் நிலவறை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பத்திரிகைக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். அதே வருஷம் குடியிருப்புப் பிரச்னையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எங்கெல்ஸ் அந்தச் செய்தியை எடுத்து எழுதினார்: குட்டி அயர்லாந்து ஒழியவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டின் தென்புறத்திலிருந்து வடபுறத்துக்கு இடம் மாறியிருந்தது.